‘ரோஜா’ (1992) இசைத்தொகுப்பு: கருவிப் புதுமையும் களப் புதுமையும்

ஆய்வுச் சுருக்கம்

ஏ.ஆர். ரஹ்மானின் முதல் திரையிசைத் தொகுப்பான ‘ரோஜா’ (1992), தமிழ்த் திரையிசைக்கு மின்னணுக் கருவிகளை அறிமுகப்படுத்திய படைப்பாகப் பரவலாகக் கருதப்படுகிறது. இக்கருத்து காலவரிசைப்படி பொருந்தாது என்பதை இக்கட்டுரை முதலில் சுட்டுகிறது. தொகுப்பின் புதுமை கருவியில் தோன்றியதைவிட, இசை உருவாகும் களம் பெரிய ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வீட்டு அறைக்கு இடம்பெயர்ந்ததில் தோன்றியது என்பதே கட்டுரையின் கருதுகோள். சிலப்பதிகார அரங்கேற்று காதை முன்வைக்கும் கலைஞர் பகுப்பும் அரங்க அளவும் இதற்கு ஒப்பீட்டுச் சட்டகமாகக் கொள்ளப்படுகின்றன. தொகுப்பின் ஐந்து பாடல்களும் சொல் வழியாக மட்டுமன்றி ஒலி வழியாகவும் வாசிக்கப்படுகின்றன. களமாற்றத்தின் பயனும் இழப்பும் மதிப்பிடப்பட்டு, அதன் தொடர்ச்சி தாம்பரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகரின் சிறு ஒலிப்பதிவு அறைகள் வரை சுட்டிக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திரையிசை, ஒலிநிறம், வீட்டு ஒலிப்பதிவுக் கூடம், பல்தடப் பதிவு, அரங்கேற்று காதை, கருவிக் கலைஞர், புறநகர்.

1. முன்னுரை

தமிழ்த் திரைப்பாடல் குறித்த கல்விப்புல ஆய்வுகளில் பெரும்பங்கு பாடல் வரிகளைப் பற்றியவை. உவமை, தொன்மம், பெண் சித்திரிப்பு, நாட்டுப்புறக் கூறு, சமூகச் சிந்தனை என்னும் தலைப்புகளில் பாடலாசிரியர்களின் படைப்புகள் பகுத்தாராயப்பட்டுள்ளன. இசை குறித்துப் பேசும் ஆய்வுகளும் பெரும்பாலும் பண் அல்லது இராகத்தை அடையாளம் காண்பதோடு நின்றுவிடுகின்றன. ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917), விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947) ஆகியவை தொடங்கிவைத்த தமிழிசை ஆய்வு மரபு, சுருதியையும் பண்ணையும் நுணுகி அளப்பதற்கான கருவிகளை நமக்குத் தந்துள்ளது. ஓர் ஒலி அண்மையில் கேட்கிறதா, சேய்மையில் கேட்கிறதா, எத்தகைய அறைக்குள் ஒலிக்கிறது, எந்த ஒலியின்மேல் எது அடுக்கப்பட்டுள்ளது என்னும் வினாக்களுக்கு அம்மரபில் தனிக் கலைச்சொற்கள் உருவாகவில்லை. பதிவு செய்யப்பட்ட இசையே பெரும்பான்மை மக்களின் இசையாகிவிட்ட காலத்தில் இக்குறை களையப்பட வேண்டியதாகும்.

இதனைச் சோதித்தறிய ‘ரோஜா’ தக்க படைப்பு. மணிரத்னம் இயக்கத்தில், கே. பாலசந்தரின் கவிதாலயா தயாரிப்பில், 1992 ஆகஸ்ட் 15 அன்று வெளியான இப்படத்தின் பாடல்களை வைரமுத்து எழுதினார். இசைக்கும் பாடல் வரிகளுக்கும் தேசிய விருதுகள் கிடைத்தன. அப்போது ரஹ்மானுக்கு வயது 25. மரபான பொருளில் ஓர் இசையமைப்பாளராக மட்டும் அவரைக் கொள்வதைவிட, மின்னணு இசைத் தயாரிப்பாளர் ஒருவரின் அறிமுகத் தொகுப்பாக இதனை அணுகுவது புதிய விளக்கங்களுக்கு இடந்தருகிறது.

2. ‘முதல்’ என்பதன் வரையறை

‘ரோஜா’ ரஹ்மானின் முதல் திரைப்படம். ஆனால் அவரது இசையில் வெளியான முதல் ஒலிநாடா அன்று. இசுலாமிய பக்திப் பாடல்களைக் கொண்ட ‘தீன் இசை மாலை’ 1989இலும், மால்குடி சுபா பாடிய ‘செட் மீ ஃப்ரீ’ என்னும் ஆங்கிலத் தொகுப்பு 1991இலும் வெளியாகிவிட்டன. இவ்விரண்டும் பரவலான கவனத்தைப் பெறவில்லை. இவற்றுக்கு இணையாக அவர் விளம்பர இசைக் குறும்பாடல்களையும் உருவாக்கிவந்தார்.

இவ்விளம்பரப் பயிற்சியைத் திறனாய்வாளர்கள் வாழ்க்கைக் குறிப்பாக மட்டுமே பதிவுசெய்கின்றனர். அதன் இசையியல் விளைவு தனியே கருதத்தக்கது. அரை நிமிட விளம்பரத்தில் மெட்டு வளர்வதற்கு இடமில்லை; பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் விரிவுக்கும் வாய்ப்பில்லை. முதல் இரண்டு மூன்று நொடிகளில் ஒலியின் நிறமே கேட்பவரை நிறுத்தியாக வேண்டும். இத்துறையில் பழகிய ஒருவருக்கு ஒலிநிறம் மெட்டுக்குப் பின்னர் சேர்க்கப்படும் அணியாக இராது. அதுவே படைப்பின் தொடக்கப் புள்ளியாகும். ‘ரோஜா’ பாடல்கள் மெட்டு தொடங்குவதற்கு முன்னரே, முன்னிசையின் சில நொடிகளிலேயே, இன்ன பாடல் என இனங்காணப்படுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

இங்குக் கலைச்சொல் சிக்கல் ஒன்றும் எழுகிறது. திரையுலகில் ‘தயாரிப்பாளர்’ என்பது முதலீட்டாளரைக் குறிக்கிறது. ஒலியைத் தேர்ந்து, நிரலிட்டு, அடுக்கி, கலந்து இறுதி வடிவம் தருபவருக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. மெட்டமைப்பவரைக் குறித்த ‘இசையமைப்பாளர்’ என்னும் சொல்லே இப்பணிகள் அனைத்தையும் சுமக்கிறது. பெயரில்லாத பணி ஆய்வில் பேசப்படாமல் போவது இயல்பு.

3. கருவி வழி விளக்கத்தின் போதாமை

‘ரோஜா’வுக்கு முன்பு தமிழ்த் திரையிசை முழுவதும் உயிர்க் கருவிகளால் ஆனது, பின்பு கணினியால் ஆனது என்னும் பிரிப்பு எளிமையானது, ஆயினும் தவறானது. மின்னணுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி என்னும் பொதுநெறி 1983இல் நடைமுறைக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில், 1986இல், இளையராஜா ‘புன்னகை மன்னன்’ படத்தில் சீக்வென்சர் வழி நிரலிடப்பட்ட இசையைப் பயன்படுத்தினார். இளையராஜா உள்ளிட்ட இசையமைப்பாளர்கள் பலரிடம் ரஹ்மான் கீபோர்டு கலைஞராகப் பணியாற்றியவர். ஆகவே கருவியும் அதனை இயக்கும் திறனும் 1992க்கு முன்பே கோடம்பாக்கத்தில் இருந்தன.

இவ்வாறிருக்க, ‘புன்னகை மன்னன்’ ஏற்படுத்தாத முறிவை ‘ரோஜா’ ஏற்படுத்தியது ஏன்? முன்னதில் மின்னணுக் கருவி, ஏற்கெனவே நிலவிய பணிமுறைக்குள் நுழைந்த கூடுதல் கருவியாக இருந்தது. இசையமைப்பாளர் மேலைக் குறியீட்டு முறையில் முழு இசைப்படியை எழுதுகிறார்; கலைஞர்கள் குறித்த நேரத்தில் கூடுகின்றனர்; ஒத்திகைக்குப் பின் பதிவு நிகழ்கிறது. இம்முறையில் இசை தாளில் முழுமையடைகிறது. பதிவு அதனை ஒலியாக்குகிறது. ‘ரோஜா’வில் இவ்வரிசை மாறியது. பதிவு செய்வதே இசை எழுதுவதாயிற்று. மேலைநாட்டு இசைக் கலைஞர் பிரையன் ஈனோ 1979இல் ஆற்றிய உரையொன்றில், ஒலிப்பதிவுக் கூடமே இசையமைக்கும் கருவியாகிவிட்டதை விளக்கினார். தமிழ்த் திரையிசையில் அந்நிலை முழுமையாக உருக்கொண்ட முதல் பெருவழக்குத் தொகுப்பாக ‘ரோஜா’வைக் கொள்ள இடமுண்டு.

4. அரங்கின் அளவும் அறையின் அளவும்

சிலப்பதிகார அரங்கேற்று காதை, மாதவியின் ஆடலை விவரிக்குமுன் ஆடலாசிரியன், இசையாசிரியன், இயற்றமிழ்ப் புலவன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளைத் தனித்தனியே வகுத்துரைக்கிறது. அதனையடுத்து அரங்கின் அமைப்பு கூறப்படுகிறது. மூங்கிற்கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அரங்கு அமைக்கப்படுகிறது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைக்கப்படுகிறது. மூவகை எழினிகளும் சுட்டப்படுகின்றன. கலைஞர் யார் என்பதும், எந்த இடத்தில் கலை நிகழ்கிறது என்பதும் இளங்கோவடிகளுக்கு ஒரே பொருளின் இரு பகுதிகளாகும். இன்றைய இசைத் திறனாய்வு முதல் பகுதியை ஓரளவு பின்பற்றியது, இரண்டாவதைக் கைவிட்டது.

இச்சட்டகத்தைச் சென்னைக்குப் பொருத்தினால், 1980களின் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்கள் அரங்கேற்று காதையின் அரங்குக்கு நெருக்கமானவை. இசையாசிரியனும் குழலோனும் தண்ணுமையோனும் ஒரே கூரையின்கீழ், ஒரே பொழுதில் அமர்ந்தனர். கூடத்தின் அகலமும் உயரமும் ஒலியில் பதிந்தன. நாற்பது பேர் ஒருசேர இசைக்கும்போது உண்டாகும் காற்றசைவே அக்காலப் பாடல்களின் செறிவு.

ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டையொட்டி அமைத்த ‘பஞ்சதன் ரெக்கார்டு இன்’ இதற்கு மாறான களம். அவருடைய தந்தை ஆர்.கே. சேகர் மலையாளத் திரையிசையில் இசை நடத்துநராகவும் இசையமைப்பாளராகவும் பணியாற்றி 1976இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் வாழ்ந்தது. கருவிகளோடு கூடிய வீடு என்னும் சூழல் இவ்வாறு முன்பே அமைந்திருந்தது. வீட்டுக் கூடத்தில் நேரக்கணக்கு இல்லை. கலைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக, வெவ்வேறு நாள்களில் வந்து செல்லலாம். ஒருவர் வாசித்ததை மற்றவர் பார்ப்பதில்லை. காதணியில் மட்டும் கேட்கிறார். பாடகரைப் பலமுறை, பலவிதமாகப் பாடவைத்துப் பின்னர் வேண்டியதைத் தேர்ந்தடுக்கும் ரஹ்மானின் பணிமுறையைப் பாடகர் பலரும் நேர்காணல்களில் விவரித்துள்ளனர். அரங்கேற்று காதையின் ஆறு ஆசிரியர்களும் இங்கும் இருக்கின்றனர். அவர்கள் ஒன்றுகூடும் அரங்கு மட்டும் இல்லை. அவர்களை ஒன்றுகூட்டுவது ஒலித்தடங்களின் அடுக்கு.

5. பாடல்களில் களம்

‘சின்னச் சின்ன ஆசை’ சிறு விருப்பங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்லும் பாடல். ஒரு விருப்பத்துக்கும் அடுத்ததற்கும் காரண காரியத் தொடர்பில்லை. எண்ணிச் சேர்ப்பதே அதன் இலக்கணம். இசையும் அவ்வாறே குறுகிய மெட்டுத்துணுக்கு ஒன்றனைத் திரும்பத்திரும்ப வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் சிறு ஒலியொன்றைச் சேர்க்கிறது. வைரமுத்துவின் அடுக்கணியும் சீக்வென்சரின் சுழற்சியும் இங்கு ஒன்றையொன்று விளக்குகின்றன. மின்மினியின் குரல் மிக அண்மையில், ஏறத்தாழ எதிரொலியின்றிக் கேட்கிறது. திரையில் தென்படுவது ஆறும் வயலும் விரிந்த நிலம். காதில் விழுவது தனியறையில் ஒருத்தி தனக்குத்தானே பாடிக்கொள்வது போன்ற அணுக்கம். வெளியைக் கண்ணுக்கும் அகத்தைக் காதுக்கும் பகிர்ந்தளிக்கும் இவ்வமைப்பே அப்பாடலின் ஆற்றல். பெரிய கூடத்தில் ஒருசேரப் பதிவாகியிருப்பின் இவ்வணுக்கம் கிடைத்திருப்பது அரிது.

உன்னி மேனனும் சுஜாதாவும் பாடிய ‘புது வெள்ளை மழை’ இதன் மறுதலை. இங்குக் குரல்களைச் சுற்றி நீண்ட எதிரொலி படர்கிறது; சிந்தசைசரின் தொடரொலி அடிவானம்போல் பின்னணியில் நிற்கிறது; தாளம் இடைவெளி விட்டு விழுகிறது. கேட்பவர் பனிவெளியின் அகற்சியை உணர்கிறார். அவ்வகற்சி எந்த மலையிலும் பதிவுசெய்யப்பட்டதன்று, சிற்றறையில் செய்தெடுக்கப்பட்டது. படத்தின் காஷ்மீர்க் காட்சிகளும் பெரும்பாலும் மணாலி உள்ளிட்ட வேறிடங்களில் படமாக்கப்பட்டவை. ஒளியாலும் ஒலியாலும் புனையப்பட்ட ஒரு காஷ்மீரைத்தான் பார்வையாளர் பெற்றனர்.

‘காதல் ரோஜாவே’யில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலே மையம். சுஜாதாவின் குரல் தொலைவிலிருந்து வரும் முனகலிசையாகத் தோன்றி மறைகிறது. கதையில் கணவன் சிறைப்பட்டவன். மனைவி எட்டாத தொலைவில் இருக்கிறாள். இருவர் பாடும் பாடல் இருவரும் ஒன்றாயிருப்பதைக் காட்டுவது திரைமரபு. இப்பாடல் இரு குரல்களையும் ஒலியளவாலும் தொலைவாலும் வேறுபடுத்திப் பிரிவைச் சொல்கிறது. அகத்திணை மரபில் பாலைக்குரிய பிரிவு, நிலத்தாலும் பொழுதாலும் உணர்த்தப்படும். இங்கு அப்பணியை ஒலிக்கலவை ஏற்கிறது.

‘ருக்குமணி ருக்குமணி’ இம்முறையின் எல்லையைக் காட்டுகிறது. ஊர்மக்கள் கூடி மணமக்களைக் கேலிசெய்யும் பாடலுக்கு உயிராக இருக்க வேண்டியது கூட்டத்தின் ஒழுங்கின்மை: முந்திக்கொள்ளும் ஒரு குரல், பிந்தி விழும் ஒரு கைத்தட்டு, மிகுந்துபோகும் ஒரு சிரிப்பு. நிரலிடப்பட்ட தாளம் இவற்றைச் சமன்செய்துவிடுகிறது. பாலசுப்ரமணியமும் சித்ராவும் துள்ளலோடு பாடியும், கூட்டம் கூட்டமாகக் கேட்கவில்லை. அடுக்கப்பட்ட குரல்களாகக் கேட்கிறது. தனிமைக்கும் பிரிவுக்கும் கைகொடுத்த அறை, ஊர்ப்பொதுவுக்குக் கைகொடுக்கவில்லை. இது நிரலிட்டவரின் திறன் குறைவால் நேர்ந்ததன்று. களத்தின் இயல்பால் நேர்ந்தது.

6. சொல் மாறியும் மாறாத ஒலி

‘ரோஜா’ குறித்த கல்விப்புல விவாதம் அதன் தேசியவாதத்தை மையமிட்டது. தேஜஸ்வினி நிரஞ்சனா 1994இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரை அவ்விவாதத்தில் குறிப்பிடத்தக்கது. அவ்விவாதத்தின் முதன்மைப் பொருள் கதையும் காட்சியுமாகும். ஹரிஹரன் பாடிய ‘தமிழா தமிழா’ பாடலின் ஒலியையும் சேர்த்துக் கருதினால் வேறொரு வினா எழுகிறது.

தமிழ் வடிவம் தமிழனை விளித்துத் தொடங்குகிறது. அவனை நாட்டோடு இணைக்கிறது. அதே ஹரிஹரன் பாடிய இந்தி வடிவம் பாரதத்தையே முன்னிறுத்தித் தொடங்குகிறது. விளிக்கப்படும் மொழியினம் அங்கு இல்லை. மெட்டும் கருவியிசையும் மாறவில்லை. தமிழ் வடிவின் உள்ளடக்கமாகிய ‘தமிழனாயிருந்தும் இந்தியனாயிருத்தல்’ என்னும் இணைப்பு முழுவதும் சொல்லிலேயே இருந்தது. ஒலியில் அதற்கான தடயம் இல்லை என்பதை இம்மாற்றம் வெளிப்படுத்துகிறது. மொழிமாற்றுப் பாடல்கள் ‘ரோஜா’வுக்கு முன்பும் உண்டு. ஆனால் பறையோ நாகசுரமோ ஓங்கிய பாடல், சொல் மாறினாலும் தன் நிலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘ரோஜா’வின் ஒலிப்பரப்பு எந்த ஒரு நிலத்துக்கும் தன்னை ஒப்புக்கொடுக்காதது. அதனாலேயே அது இந்தியா முழுவதும் தடையின்றிச் சென்றது.

இதனைக் குறையெனவோ நிறையெனவோ உடனடியாகத் தீர்ப்பளித்தல் பொருந்தாது. ஆயின், பாடல் வரியை மட்டும் கொண்டு ஒரு திரைப்பாடலின் அரசியலை முடிவுசெய்யும் ஆய்வுமுறை இங்கு முடங்கிவிடுகிறது என்பது தெளிவு.

7. பெயர் பெறாத கலைஞர்

களமாற்றத்தால் மிகுதியும் பாதிக்கப்பட்டோர் கருவிக் கலைஞர்கள். வயலின் குழுவின் தொடரொலியைச் சிந்தசைசர் தரத் தொடங்கியபின் குழுவாகக் கூடும் தேவை குறைந்தது. மும்பைத் திரையிசைக் கலைஞர்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுத்த கிரிகரி பூத்தின் ‘பிஹைண்ட் த கர்ட்டன்’ (2008), பெரிய இசைக்குழுக்களின் காலம் முடிவுற்றதை அக்கலைஞர்களின் கூற்றுகள் வழியே விளக்குகிறது. சென்னைக் கலைஞர்களுக்கும் அத்தகைய விரிவான தொகுப்பு இன்றியமையாதது. அத்தலைமுறையினர் முதுமையடைந்து வரும் நிலையில் இப்பணியைக் காலந்தாழ்த்த இயலாது.

இழப்பை மதிப்பிடும்போது முந்தைய முறையைக் குறையற்றதாகக் காட்டுவதும் தவறு. பெரிய கூடங்களின் காலத்திலும் ஒலிநாடா உறைகளில் அச்சான பெயர்கள் பெரும்பாலும் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் ஆகியோருடையவையே. குழலோன், தண்ணுமையோன் ஆகியோரின் தகுதிகளைத் தனித்தனியே பாடிய மரபின் வழிவந்தோர், ஒலிநாடா உறையில் அவர்களுக்கு ஒரு வரி இடங்கூடத் தரவில்லை. பிற்கால ரஹ்மான் தொகுப்புகளின் உறைகளில் கருவிக் கலைஞர்கள், ஒலிப்பொறியாளர்கள் ஆகியோரின் பெயர்கள் அச்சிடப்பட்டன. பல்தடப் பதிவில் ஒவ்வொரு கலைஞரும் தனித்தடம் பெறுவதால் தனி அடையாளமும் பெற வழியுண்டாயிற்று. குழுவாக வாழ்ந்த பலர் வேலை இழந்ததும், தனியராக எஞ்சிய சிலர் பெயர் பெற்றதும் ஒரே மாற்றத்தின் இரு விளைவுகள்.

8. கோடம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை

கோடம்பாக்கமும் தாம்பரமும் ஒரே இருப்புப்பாதையில் அமைந்தவை. 1931இல் மின்மயமான சென்னைக் கடற்கரை – தாம்பரம் புறநகர் இரயில் தடம் அவ்விரண்டையும் இணைக்கிறது. நெடுங்காலம் இத்தடத்தில் இசைத் தொழில் ஒருதிசைப் பயணமாகவே இருந்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளின் இசைக் கலைஞர் வாய்ப்புத் தேடி வடக்கே செல்ல வேண்டும். கூடங்கள் அங்கேயே இருந்தன. கூடத்துக்குரிய முதலீடு தனியொருவரால் ஆகாதது.

வீட்டு அறையில் பெருவழக்கு இசை உருவாக முடியும் என்பதை ‘ரோஜா’ மெய்ப்பித்தது. கணினியின் விலை குறைந்தபின் அம்முன்மாதிரி புறநகரை எட்டியது. இன்று தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் போன்ற பகுதிகளில் குடியிருப்பு வீட்டின் ஓர் அறையே ஒலிப்பதிவுக் கூடமாக இயங்கக் காணலாம். ஒரு மடிக்கணினி, ஓர் ஒலிவாங்கி, சுவரில் ஒட்டிய நுரைப்பஞ்சு ஆகியவற்றோடு பக்திப் பாடல், குறும்பட இசை, தனிப்பாடல் ஆகியவை அங்கு உருவாகின்றன. மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் புறநகர் இரயிலும் சூழ்ந்த இப்பகுதியில் பகற்பொழுதின் ஓசையைத் தவிர்க்க இரவுப் பதிவே ஏற்றது. ரஹ்மானின் தெரிவாக அறியப்பட்ட இரவுப்பணி, இங்குச் சூழல் விதித்த கட்டாயமும் ஆகிறது.

எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. ரஹ்மானின் அறைக்குள் பெரிய கூடங்களின் அனுபவம் இருந்தது. அவர் பல இசைக்குழுக்களில் அமர்ந்து, பிறர் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர். அவர் அறையில் தனித்திருந்தபோதும் அக்குழுக்களின் காதோடு இருந்தார். குழுவில் ஒருமுறையேனும் அமராமல் அறையிலேயே தொடங்கும் தலைமுறைக்கு அக்காது எங்கிருந்து கிடைக்கும் என்பது இசைக்கல்வி நிறுவனங்கள் எதிர்கொள்ள வேண்டிய வினா. அதே வேளையில், கூடங்களின் கதவு ஒருபோதும் திறந்திராத பலருக்கு இவ்வறைகளே முதல் அரங்கு என்பதையும் மறுப்பதற்கில்லை.

9. முடிவுரை

‘ரோஜா’ தமிழ்த் திரையிசைக்குப் புதிய கருவிகளைக் கொணர்ந்த தொகுப்பு என்னும் கருத்து திருத்தப்பட வேண்டியது. கருவிகள் முன்பே இருந்தன. அவை இயங்கும் களமும் பணிவரிசையும் 1992இல் மாறின. இக்களமாற்றம் ‘சின்னச் சின்ன ஆசை’யின் அணுக்கத்தையும், ‘புது வெள்ளை மழை’யின் புனைவெளியையும், ‘காதல் ரோஜாவே’யின் பிரிவையும் இயலச்செய்தது, ‘ருக்குமணி ருக்குமணி’யில் ஊர்க்கூட்டத்தின் உயிர்ப்பைத் தவறவிட்டது. ‘தமிழா தமிழா’வின் இருமொழி வடிவங்கள், பாடல் வரி ஆய்வு தனித்து நிற்க இயலாமையை உணர்த்துகின்றன.

திரைப்பாடலை ஆராயும் தமிழாய்வாளர் வரியையும் பண்ணையும் கருதுவதோடு, அப்பாடல் எந்த அளவுடைய இடத்தில், யார்யார் கூடியோ கூடாமலோ உருவாயிற்று என்பதையும் ஆய்வுத் தரவாகக் கொள்ளுதல் வேண்டும். அரங்கின் அகலத்தையும் நீளத்தையும் உயரத்தையும் கோலால் அளந்து காப்பியத்துள் பதிவுசெய்த மரபுக்கு இம்முறை அயலானதன்று. கோடம்பாக்கக் கருவிக் கலைஞர்களின் நினைவுகளையும், தென்சென்னைப் புறநகர் அறைகளின் இன்றைய நடைமுறைகளையும் ஒருங்கே தொகுப்பது இவ்வாய்வின் அடுத்த கட்டமாக அமையும்.